ஒரு கப்பில் மூன்று செடி

அறிவியல் பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறவனுக்குக் கொஞ்சமாவது அறிவியல் தெரிந்திருக்க வேண்டும் என்பதை எந்தப் புண்ணியவானும் முன்கூட்டியே சொல்லித் தொலைப்பதில்லை. பிழை திருத்துபவர் சாப்பாட்டு மேஜையில் மூன்று பாடத்திட்டங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு மூன்றையும் மாறி மாறி முறைத்துக்கொண்டிருந்தார். துணி துவைக்கும் இயந்திரம், ரொட்டி சுடும் இயந்திரம் போன்றவற்றோடு வரும், ஒருவரும் படிக்காத கையேடுகளில் பிழை பார்ப்பது அவர் தொழில். வீட்டிலிருந்தே செய்கிற வேலை என்பதால் இரண்டு மகள்களுக்கும் பாடம் நடத்துகிற பொறுப்பும் அவர் தலையில்தான் விழுந்தது. மொழி, கணக்கு, வரலாறு எல்லாவற்றையும் ஒருவழியாக ஒப்பேற்றிவிட்டார். அறிவியல் என்றால் மட்டும் மனிதருக்கு உதறல்.

மூன்றுக்கும் வீட்டில் பட்டப்பெயர் வைத்தாகிவிட்டது. முதலாவது பளபளா. பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் எரிமலை, சின்னக் கண்ணாடி, பாட்டு, ஒவ்வொரு பாடம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து "ஆஹா!" என்று கத்த வேண்டுமாம். இரண்டாவது குண்டு. தூக்கி ஒருவர் மேல் போட்டால் ஆள் காலி. அதில் கேள்விக்குப் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் பதில் இருந்தது. "விதையை ஊன்று. முடிவு: விதை முளைத்தது." பிழை திருத்துபவருக்கு அதைப் பார்த்ததும் கண்ணில் நீர் வராத குறைதான். மூன்றாவது மொட்டை. ஒல்லியான சாம்பல் நிறப் புத்தகம். "என்ன பார்த்தாய்? ஏன் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் பாதியை வெறுமையாக விட்டிருந்தான் படுபாவி. பின்னால் திருப்பினால் பதிலே இல்லை. அச்சிட்டவர்களுக்கு போன் போட்டுக் கேட்டார்.

"பதில் புத்தகம் தனியா வருதுங்களா?"

"அப்படி ஒன்னு கிடையாதுங்க."

"அப்ப சொல்லிக்குடுக்கிறவங்களுக்குப் பதில் எப்படித் தெரியும்?"

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க சார்," என்றது அந்தப் பக்கத்துக் குரல், ரொம்பச் சாதாரணமாக. பிள்ளைகள் முன்னால் "தெரியாது" என்ற வார்த்தையைச் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் அவர். போனை வைத்துவிட்டார்.

விஷயம் சிரிப்பதற்கில்லை. பத்து வயதுப் பெரியவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியதே ஒரு விதையால்தான். வகுப்பில் ஆளுக்கொரு அவரை விதை கொடுத்தார்கள். எல்லோருடையதும் முளைத்தது, இவளுடையது முளைக்கவில்லை. "ஏன் டீச்சர்?" என்று கேட்டாள். "நீ ஒழுங்கா தண்ணி ஊத்தியிருக்க மாட்ட," என்றார் டீச்சர். "ஊத்தினேன், அப்புறம் ஏன்?" என்று மறுபடி கேட்டாள். வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் கேள்வி கேட்பதையே விட்டாள். காலையில் வயிற்றுவலி என்பாள். சாப்பாட்டில் கை வைக்க மாட்டாள். அதுவரை வாய் ஓயாமல் ஏன், எதற்கு என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்த பிள்ளை. வீடு அமைதியானபோதுதான் அப்பன் போய்ப் பள்ளியிலிருந்து அவளை நிறுத்திவிட்டு வந்தார்.

கல்வி அலுவலகத்திலிருந்து வரும் ஆய்வாளர் அம்மாள் போன முறையே கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "அடுத்த தடவை நான் வரும்போது அறிவியலுக்கு என்ன பாடத்திட்டம்னு முடிவு பண்ணி வெச்சிருக்கணும். பிள்ளைங்க அதுல ஏதாவது செஞ்சும் காட்டணும். இல்லேன்னா ரெண்டு பேரையும் ஸ்கூலுக்கே அனுப்பச் சொல்லி எழுத வேண்டியிருக்கும்." மறுபடி அந்த வாசலில் கொண்டுபோய்ப் பெரியவளை விடுவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"மூணு புத்தகத்துலயும் விதை பாடம் இருக்கும்மா. உனக்கு எது பிடிக்குதோ அதை வெச்சுச் செய்," என்றார் பெரியவளிடம். அவள் மொட்டையைத்தான் எடுத்தாள். இவருக்கு முகம் தொங்கிவிட்டது. இரண்டு காகித கப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று மாலை மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை முடிந்து வந்த மனைவி, சமையலறையில் நின்று கத்தினாள். "பால் பாத்திரத்துல யாரு ஒத்தை அவரையை வேக வெச்சது? அறிவிருக்கா?"

"வேற யாரு, உன் தம்பிதான்," என்றார் இவர். மாடி வீட்டில் குடியிருக்கும் மச்சான் மீது பழி போடுவது அந்த வீட்டில் தினப்படி வழக்கம்.

சன்னல் திண்டில் வைத்த இரண்டு கப்பில் ஒன்று ஜம்மென்று முளைத்தது. இன்னொன்று முளைப்பேனா என்றது. பெரியவள் இரண்டுக்கும் ஒரே அளவில் தண்ணீர் ஊற்றினாள், குனிந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் போனாள். அவள் சொல்லாமல் போவதுதான் இவருக்குத் தாங்கவில்லை. மறுபடி விதையா? மறுபடி முளைக்கவில்லையா? ஆய்வாளர் வந்து "ஏன் முளைக்கல?" என்று இவரைக் கேட்டால் இவர் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது? போதாக்குறைக்குத் தொழில் புத்தி வேறு. தப்பாக ஒன்று கண்ணில் பட்டால் திருத்தாமல் விட அந்தக் கைக்குத் தெரியாது. ஆய்வாளர் வருவதற்கு முந்தின நாள், மேஜை டிராயரில் ஈரத்துணியில் சுற்றி முளைக்க வைத்திருந்த அவரை ஒன்றை எடுத்து, பிள்ளைகள் குளிக்கப் போன நேரம் பார்த்து முளைக்காத கப்பில் நட்டுவிட்டு, திருடன் மாதிரி கையைக் கழுவினார்.

ஆய்வாளர் வந்தார். மனைவி அரை நாள் விடுப்பு போட்டிருந்தாள். செல்போன் பழுது பார்க்கும் கடையைச் சாத்திவிட்டு மச்சானும் வந்து, கூப்பிடாமலேயே சோபாவில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தான். இரண்டு வார்த்தை பேச்சுக்குப் பிறகு ஆய்வாளர், "சரி, என்ன செஞ்ச? காட்டு," என்றார். பெரியவள் சன்னல் திரையை விலக்கினாள்.

பிழை திருத்துபவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். முளைக்காமல் கிடந்த அந்த ஒரே கப்பில் மூன்று செடி. ஓரத்தில் அவருடைய அவரை, கூனிக்கொண்டு. இந்தப் பக்கம் பொடி இலையோடு ஒரு கொண்டைக்கடலை. நட்ட நடுவில், ஒரு சாண் உயரத்துக்கு, ஒரு தக்காளிச் செடி. காய்ப்பதுதான் பாக்கி.

"எத்தனை விதை போட்ட?" ஆய்வாளர் கண்ணாடியை மேலே ஏற்றினார்.

"ஒன்னு."

"என்ன விதை?"

"அவரை."

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீட்டுப் பெரியவர்கள் மூவரும் திருதிருவென்று விழித்தார்கள். பெரியவள் யாரையும் பார்க்கவில்லை. ஒரு ஸ்பூனைக் கொண்டுவந்து மண்ணைக் கிளறினாள். அடியில் சுருங்கிப் போன ஒரு அவரை கிடைத்தது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"இதுதான் என்னுது. கடலை நம்ம ஃப்ரிட்ஜுல முளைகட்டி வெச்சிருந்தது. அதனால அம்மா."

"காலையில அவசரத்துல அவரை கிடைக்கலடி," என்றாள் அம்மா சுவரைப் பார்த்து.

"தக்காளிக்குக் கீழ மட்டும் மண்ணு கறுப்பா இருக்கு. மாமா சட்டையிலயும் அதே கறுப்பு மண்ணு."

"கடைக்குப் பக்கத்துல நாத்து வித்தாங்க கண்ணு. அவரைக்கும் தக்காளிக்கும் இவ்ளோ வித்தியாசம் இருக்கும்னு நான் கண்டேனா?" என்று அசடு வழிந்தான் மச்சான்.

"மிச்சம் இருக்கிறது அப்பா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீ வருத்தப்படுவேன்னுதாம்மா..."

"முளைக்கக் கூடாதுன்னுதான்ப்பா போட்டேன்!" அவள் குரல் வீட்டையே தூக்கியது. அப்படி அவள் கத்திக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. "இது வேக வெச்ச விதை. அது வேக வைக்காதது. ரெண்டுக்கும் ஒரே மண்ணு, ஒரே தண்ணி, ஒரே சன்னல். செத்த விதைக்கு எவ்ளோ தண்ணி ஊத்தினாலும் முளைக்காதுல்ல? டீச்சர் குடுத்ததும் அப்படி ஒன்னா இருந்திருக்கலாம்ல? அதைத்தான் பார்க்கணும்னு இருந்தேன். எல்லாரும் சேர்ந்து கெடுத்துட்டீங்க!"

பால் பாத்திரம் அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. அவமானமாக இருந்தது. பள்ளிக்கூடம் அவளை வெளியே நிற்க வைத்தது. இவர் அவளுடைய கேள்வியின் மேலேயே மண்ணைப் போட்டு மூடப் பார்த்திருக்கிறார். அதுவும் பாசத்தோடு.

"வேக வெச்சா விதை ஏன்ப்பா செத்துப்போகுது? உள்ள என்ன ஆகுது?" இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார். ஏதாவது அடித்துவிடலாம்தான். குண்டு புத்தகம் கை எட்டும் தூரத்தில் இருந்தது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"தெரியலம்மா," என்றார்.

வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. மகள் சரி என்று தலையாட்டிவிட்டு, மொட்டையைத் திறந்து வெறுமையான பாதிப் பக்கத்தில் அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டாள்.

"அப்ப எந்தப் பாடத்திட்டம்னு முடிவு?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"அதான் எடுத்தாச்சே," என்றார் இவர், மகள் கையிலிருந்ததைக் காட்டி. அந்த அம்மாள் சிரிப்பை அடக்க ரொம்பப் பாடுபட்டார்.

"நல்லாத்தான் நடக்குது. பள்ளிக்கூடப் பேச்சு இப்போதைக்கு வேண்டாம். நீ மறுபடி போடு பாப்பா. இந்தத் தடவை யாரும் கை வைக்கக் கூடாது. மாமா உட்பட."

மச்சான் தக்காளிச் செடியைத் தூக்கிக்கொண்டு நல்ல பிள்ளையாக மாடியேறினான்.

வேக வைத்த விதையோடு புதிதாக வைத்த கப்பு சன்னலில் வெறும் மண்ணாகக் கிடந்தது. கடந்து போகும்போதெல்லாம் பிழை திருத்துபவருக்குக் கை அரித்தது. கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு கடந்தார். பக்கத்துக் கப்பில் முளைத்திருந்த அவரை கொடி வீசிச் சன்னல் கம்பியைப் பிடித்த சமயத்தில் போன் அடித்தது. ஆய்வாளர்.

"அலுவலக விஷயம் ஒன்னும் இல்லைங்க. மனசு கேக்கல, அதான். அந்த விதை என்னாச்சு?"

"முளைக்கலைங்க!" அவர் கத்திய கத்தலில் சின்னவள் ஓடி வந்தாள். இவ்வளவு பெருமையாக ஒரு தோல்வியை அவர் வாழ்நாளில் அறிவித்ததில்லை. "ஒன்னுமே முளைக்கல. சத்தியமா நாங்க யாரும் தொடல!"

பெரியவள் அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"நான் தினமும் தண்ணி ஊத்தினேன்," என்றாள்.