புறங்கையில் ஒரு தேதி

நூலகத்தில் இலவசமாக வயலின் கச்சேரி கேட்ட அத்தனை பேரும் இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில், வர வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் அங்கே திரும்பி வந்து வரிசையில் நின்றார்கள். பல் டாக்டர் கையில் குறடோடு வந்தார். பிடுங்கிக்கொண்டிருந்த பல் பாதியில் நின்றுபோனதால் பல்லுக்குச் சொந்தக்காரரும் வாயைத் திறந்தபடியே பின்னால் வந்தார். பஸ் டிரைவர் பஸ்ஸோடு வந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் முதலில் சத்தம் போட்டார்கள், அப்புறம் இறங்கி உள்ளே போய் மின்விசிறிக்கு அடியில் இடம் பிடித்துப் பேப்பர் படித்தார்கள். ஏன் வந்தீர்கள் என்று கேட்டதற்கு எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: கால் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. இதை நம்பாதவர்கள் உண்டு. நம்பாவிட்டால் போகிறார்கள், அந்த பஸ் இன்றைக்கும் நூலக வாசலில் நின்றுதான் போகிறது.

காரணம் நூலகர். ஊரில் அவருக்குத் தேதியம்மா என்று பெயர். இரவல் போன புத்தகம் ஒரு நாள் தாமதமாக வந்தாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு ஆளையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை திட்ட மாட்டார், அதுதான் தாங்க முடியாது. அவருக்கு மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஒரு மாதம் முழுக்க, சனிக்கிழமைதோறும் நூலகத்தில் கலை நிகழ்ச்சி. வயலின், பொம்மலாட்டம், நடனம், நாடகம். அனுமதி இலவசம், டீயும் பிஸ்கட்டும் இலவசம். இலவசம் என்றால் நம் ஆட்களைப் பற்றிச் சொல்லவா வேண்டும். பிஸ்கட் வாங்கியவர் பின்வாசல் வழியாகப் போய் முன்வாசல் வழியாகப் புதுமுகம்போல வந்து நிற்பார். அதற்காக உள்ளே வருகிறவர்களின் புறங்கையில் ஒரு முத்திரை குத்திவிடலாம் என்று நூலகர் முடிவு செய்தார். வட்ட முத்திரை பெரியது, குழந்தைகள் கைக்கு அடங்காது. அதனால் தேதி முத்திரையை எடுத்தார், புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டிய தேதியை அடிக்கிற முத்திரை. இருபத்தைந்து வருஷமாகக் கையில் பழகியது. விரல் தன்னால் சக்கரத்தை உருட்டி இரண்டு வாரம் தள்ளி வைத்தது. அட்டெண்டர் மட்டும், எந்நேரமும் ஸ்டூலும் கையுமாகத் திரிவதால் ஸ்டூல்காரர் என்று பெயர் வாங்கியவர், "ஆளுங்க மேல போய் இதை அடிக்கலாமாம்மா?" என்று கேட்டார். "மைதானே, குளிச்சா போயிடும்" என்றார் நூலகர். குளித்துப் போகவில்லை. பல் டாக்டர் ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

திரும்பி வந்தவர்களை என்ன செய்வது? திரும்பி வந்த புத்தகத்துக்குச் செய்வதையே நூலகர் செய்தார். தேதியின்மேல் ஒரு கோடு இழுத்தார். அதன் பிறகு யாராலும் வாசற்படியைத் தாண்ட முடியவில்லை. உள்ளே வந்து சேர்ந்த சரக்கு சும்மா வெளியே போகுமா? பல் டாக்டர் வரலாற்று அலமாரி ஓரமாக வெகுநேரம் நின்றார். கடைசியில் அவர் மனைவி விஷயம் கேள்விப்பட்டு வந்து, கைப்பையிலிருந்து தன் நூலக அட்டையை எடுத்து நீட்டினார். "இவரை எடுத்துக்கிறேங்க. புதுசா ஒண்ணும் கிடையாது, ஏற்கெனவே படிச்சதுதான்." நூலகர் அட்டையைப் பார்த்தார், சரியாக இருந்தது, டாக்டரின் கையில் புதுத் தேதி அடித்துக் கொடுத்தார். டாக்டர் வெளியே போனார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வழி புரிந்துபோயிற்று. மகன் அம்மாவை எடுத்துக்கொண்டான், தையல்காரர் பக்கத்துக் கடைக்காரரை எடுத்துக்கொண்டார், பஸ் டிரைவரைப் பயணிகள் எல்லோருமாகச் சேர்ந்து எடுத்துக்கொண்டு போனார்கள். தன்னைத் தானே எடுத்துக்கொள்ள மட்டும் ஒருவராலும் முடியவில்லை. அடுத்த வருஷத்துத் தேதியாக அடித்துவிட்டால் தொல்லை விட்டது என்று ஒருவர் யோசனை சொன்னார். நூலகர் உருட்டி அடித்தும் பார்த்தார், மை ஒட்டாமல் வழிந்தது. இரண்டு வாரம் என்றால் இரண்டு வாரம்தான்.

ஊர் இதைத் தொல்லையாக எடுத்துக்கொள்ளவில்லை, அதுதான் வேடிக்கை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்து, உட்கார்ந்து, நாலு பக்கம் படித்து, நாலு பேரைப் பார்த்து, யாராவது தன்னை எடுத்துக்கொண்டு போகக் காத்திருப்பதில் ஒரு சுகம் இருந்தது. முத்திரை படாதவர்களுக்கு மனத்தாங்கலே வந்துவிட்டது. நாலாவது வாரம் நாடகத்துக்கு வந்த கூட்டம், நாடகத்தைப் பார்க்க வந்ததைவிடக் கையை நீட்ட வந்ததுதான் அதிகம்.

ஒருத்திக்குத்தான் இது சரிப்படவில்லை. அவள் நூலகரின் மகள், ஒரே மகள், லிப்ட் மெக்கானிக். ஒரு நாள் முழுக்க ரயிலில் போனால் வரும் பெரிய நகரத்தில் வேலை கிடைத்து, இரண்டாம் சனிக்கிழமை வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக நூலகத்துக்கு வந்திருந்தாள். வாசலில் பொம்மலாட்டக் கூட்டம் முண்டியடித்தது. நூலகர் முத்திரை குத்தும்போது முகம் பார்க்கிற வழக்கம் இல்லை, கையைத்தான் பார்ப்பார். சாவியோடு நீண்ட கையிலும் ஒரு குத்து குத்தினார். மகள் சிரித்துக்கொண்டே ரயிலேறிவிட்டாள். அடுத்த சனிக்கிழமை பல் டாக்டரும் மற்றவர்களும் வந்து நின்றபோது, தன் மகளும் இன்னும் ஒரு வாரத்தில் வந்துவிடுவாள் என்று இந்த ஊரில் முதலில் கணக்குப் போட்டவர் நூலகர்தான். போன் செய்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மகளின் அறையைப் பெருக்கித் துடைத்தார், தலையணை உறையை மாற்றினார், கடைக்குப் போய் அவளுக்குப் பிடித்ததையெல்லாம் வாங்கிவந்தார். அவர் அப்படிச் சிரித்த முகமாகக் கடைத்தெருவில் நடந்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

மகள் வந்தாள். கோபமாகத்தான் வந்தாள், ஆனால் அம்மா கை சோறு சாப்பிட்டதும் தணிந்துவிட்டாள். அம்மா தன் அட்டையிலேயே அவளை எடுத்துக்கொண்டு, புதுத் தேதி அடித்து, ரயிலேற்றிவிட்டார். இரண்டு வாரத்தில் மறுபடி வந்தாள். மேலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார் என்றாள். மூன்றாம் முறை வந்தபோது கையில் கிரீஸ், இடுப்பில் ஸ்பேனர், முகத்தில் ரத்தமே இல்லை. வழக்கம்போல மற்றவர்கள் வரிசையில் நிற்க, அவள் வரிசையை மதிக்காமல் நேரே மேஜைக்கு வந்தாள்.

"ஒரு லிப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோச்சும்மா. உள்ள ரெண்டு பேர். பயப்படாதீங்க, இதோ எடுத்துடறேன்னு குரல் கொடுத்தேன். கொடுத்துட்டு ஏணியில இருந்து இறங்கி நடந்து வந்துட்டேன். என் காலு. கத்திக்கிட்டே இருந்தாங்கம்மா. ஸ்டேஷன் வரைக்கும் எனக்குக் கேட்டுச்சு."

வேறு ஆள் வந்து அவர்களை வெளியே எடுக்கச் சாயங்காலம் ஆகிவிட்டதாம். வேலை போவது பற்றி அவள் பேசவே இல்லை, அந்த இரண்டு பேரைப் பற்றியே பேசினாள், பேசிப் பேசி அழுதாள். நூலகருக்கு அப்போதுதான் வெட்கமாக இருந்தது. ஒரு மாதத்துக்கு மேலாக உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்ததற்கான வெட்கம். பெற்ற பெண் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருகிற பாக்கியம் எந்த அம்மாவுக்குக் கிடைக்கும் என்று இருந்தவர்தானே. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இந்தத் தடவை யாரையும் பார்க்கவில்லை.

தேதியே இல்லாத முத்திரை ஒன்று நூலகத்தில் இருந்தது. அட்டை கிழிந்து, பக்கம் உதிர்ந்து, இனி உதவாது என்று ஆன புத்தகங்களின்மேல் அடிப்பது. நீக்கம் என்று ஒரே ஒரு சொல். அதை அடித்த புத்தகம் எந்த அலமாரிக்கும் சொந்தமில்லை. நூலகர் கீழ் இழுப்பறையிலிருந்து அதை எடுத்ததும் ஸ்டூல்காரர் ஸ்டூலைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"அம்மா, கொஞ்சம் யோசிச்சுக்கோங்க. நீக்கம் அடிச்சது எதுவும் இந்த வாசலுக்குத் திரும்பி வந்ததே இல்ல."

"எனக்குத் தெரியாதா?" என்றார் நூலகர்.

மகளின் கையைப் பிடித்துப் புடவைத் தலைப்பால் கிரீஸைத் துடைத்தார். விரல் இடுக்கெல்லாம் துடைத்தார், தேவைக்கு மேலேயே துடைத்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே அடித்தார், அழுத்தமாக, எழுத்து ஒன்றுகூட விட்டுப்போகாமல். எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிற மனுஷி. மகள் கையைத் திருப்பிப் படித்துவிட்டு, "என்னம்மா, கழிச்சுக் கட்டிட்டியா?" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "ஆமா. கிளம்பு. அங்க லிப்டு நிக்குது" என்றார் அம்மா. மகள் வாசற்படியைத் தாண்டியபோது கால் எங்கும் தடுக்கவில்லை. அன்றைக்கு நூலகர் மிச்சமிருந்த வரிசை முழுவதற்கும் தேதி அடித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார்.

அவள் நல்ல மெக்கானிக் ஆனாள், அப்புறம் மேற்பார்வையாளர் ஆனாள். தினமும் போனில் பேசுவாள். வரத்தான் முடியவில்லை. டிக்கெட் எடுப்பாள், ஸ்டேஷன் வாசலில் கால் திரும்பிக்கொள்ளும். யாராவது தூக்கி ரயிலில் உட்காரவைத்தால் ரயில் வேறு திசைக்குப் போகும். நீக்கம் என்றால் அப்படித்தான், அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. அம்மாவே அங்கே போய்ப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். எடுத்துக்கொள்ள ஆள் வருகிற நாள் முன்னே பின்னே ஆகி ஆகித் தேதிகள் வாரம் முழுக்கப் பரவிவிட்டன. தினமும் ஒரு வரிசை வந்து நிற்கும்போது தேதி அடிக்க வேறு யார் இருக்கிறார்கள்?

ஐந்தாறு வருஷம் போனபின் ஒரு புதன்கிழமை அவள் ஊருக்குள் வந்துவிட்டாள். எப்படி வந்தாள் என்பது முழுதாகத் தெரியாது. கிடைத்த வண்டியில் ஏறி, வண்டி திரும்பிய இடத்தில் இறங்கி, நடந்து, இப்படியே பல நாள் ஆகியிருக்கிறது. கடைத்தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். கால் இரண்டும் பின்னால் இழுக்க, எதிர்க்காற்றில் குடை பிடித்துப் போகிறவளைப்போல முன்னால் சாய்ந்து, கம்பி, கதவு, விளக்குக் கம்பம் என்று கையில் பட்டதைப் பிடித்துப் பிடித்து வந்தாள். பஸ் டிரைவர் ஏற்றிக்கொண்டார், பஸ் பின்பக்கமாகவே ஓடியது, இறக்கிவிட்டார். தையல்காரர் ஒரு கையைப் பிடித்து இழுத்துவிட்டார், அவரிடமிருந்து பல் டாக்டர் வாங்கினார், அவரிடமிருந்து அடுத்தவர். வாசற்படியைத் தாண்டத்தான் ஒருவராலும் ஆகவில்லை. நூலகர் மேஜையிலிருந்து தலையைத் தூக்கினார். வேலை நேரத்தில் ஒரு நாளும் வெளியே வராதவர், வெளியே வந்து படியில் உட்கார்ந்து, மகளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, நழுவாமல் இடுப்பைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டார். "ஏண்டி இப்படிக் கஷ்டப்பட்டு வந்தே?" என்றார். "உன்னைப் பாக்கணும்போல இருந்துச்சும்மா" என்றாள். வரிசையில் அன்றைக்கு நின்றவர்கள் படியிலேயே தேதி வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது ஸ்டேஷனிலிருந்து நூலகம் வரைக்கும் சுவரை ஒட்டி இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் கைப்பிடி ஓடுகிறது. தெருக்காரர்கள் சேர்ந்து போட்டது, மழைக்காலத்துக்கு முன்னால் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை, இது எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நூலகர் மகள் லீவுக்கு வருவாள், அதற்கு என்போம்.