பயனாளி வாகனத்துடன்

வண்டி மேடேறி வரும் சத்தம் கேட்டதுமே வேடியப்பன் வாசலுக்கு ஓடி வந்தான். மணி எட்டு. பதினோரு மணிக்குள் அது மலையை விட்டு இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் வீடு போச்சு.

வெள்ளிமலையிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே, சாமைக் காட்டுக்கு நடுவே பதினாறு வீடுகள். கடைசி வீடு அவனுடையது. மண் சுவர். கூரை ஒழுகிய இடத்திலெல்லாம் நீலத் தார்ப்பாய். போன ஐப்பசி மழையில் பின்சுவர் பாதி கரைந்து, அவனும் மனைவி ராஜாம்பாளும் மகள் கலையரசியும் பள்ளிக்கூடத்து வராந்தாவில் ஒன்பது நாள் படுத்தார்கள். மூன்று வருடம் மனு கொடுத்த பிறகு, அரசாங்க வீட்டுக்கான பட்டியலில் இப்போதுதான் பெயர் வந்திருந்தது. இன்று பதினோரு மணிக்கு ஒன்றிய ஆபீசிலிருந்து ஒரு அம்மா நேரில் வந்து பார்ப்பார். தகுதி உண்டு என்று போனில் பதிந்துவிட்டால் முடிந்தது.

ஆனால் விண்ணப்பத்தில் ஒரு வரி இருந்தது. பன்னிரண்டாவது முடித்த கலையரசிதான் படித்துச் சொன்னாள். குடும்பத்தில் யார் பெயரிலும் நான்கு சக்கர வாகனம் இருக்கக் கூடாது.

வேடியப்பன் பெயரில் ஒன்று இருந்தது.

பெயரில் மட்டும்தான். வண்டி கிடப்பது கள்ளக்குறிச்சியில், தனசேகரனின் மரவள்ளிக்கிழங்கு மண்டியில். வேடியப்பன் அங்கே மூட்டை தூக்குகிறவன். இரண்டு வருடத்துக்கு முன் முதலாளி அவனை நாற்காலியில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். பழங்குடி மக்களுக்கு மானியத்தில் பிக்கப் வண்டி தருகிறார்கள்; உன் பெயர், என் வண்டி என்றார். டீ ஆறுவதற்குள் ஏழு கையெழுத்து வாங்கிவிட்டார்.

மானியம் கொடுத்த ஆபீஸ் வருடா வருடம் ஐந்து படம் கேட்கும். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு, ஐந்தாவதாகப் பயனாளி வாகனத்துடன். போன முறை மண்டி வாசலில் எடுத்து அனுப்பினார்கள். படத்தில் மண்டியின் பெயர்ப்பலகை விழுந்திருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த முறை பயனாளி வீட்டு வாசலில்தான் எடுக்க வேண்டும், அதுவும் இன்று மாலைக்குள்.

வீட்டு மனு விஷயம் தனசேகரனுக்குத் தெரியாது. வண்டி விஷயம் ஒன்றிய ஆபீசுக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவே மூன்று மணி நேரம்.

"இன்னா வேடியப்பா, இதான் உன் பங்களாவா?"

தனசேகரன் முன்சீட்டிலிருந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, தங்க வாட்ச். டிரைவர் சரத்குமார் இன்ஜினை அணைத்தான். கச்சிராயப்பாளையம் தாண்டியதிலிருந்து ஏறிய சேறு வண்டியின் கதவு வரைக்கும் அப்பியிருந்தது.

"சீக்கிரம் எடுத்துட்டு கெளம்பிடலாங்க மொதலாளி. மழ வர்ற மாதிரி கீது."

"வந்ததும் வராததுமா தொரத்தறியே. ஒரு டீத்தண்ணி கூட கெடையாதா உன் வூட்ல?"

ராஜாம்பாள் டீ போட ஓடினாள். வேடியப்பன் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து வண்டியைக் கழுவினான். தினமும் இந்த வண்டியில்தான் மூட்டை ஏற்றுகிறான், இறக்குகிறான். ஆனால் அதன் முகத்தை இப்போதுதான் தொட்டுத் துடைத்தான். கண்ணாடிக்கு மேலே 'தேவிப்ரியா' என்று தனசேகரனின் மகள் பெயர் சிவப்பில் மின்னியது. அதன் மேல் மாவிலைத் தோரணம் கட்டி மறைக்கச் சொன்னார் முதலாளி. கட்டினான்.

தனசேகரன் போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு அழுத்தினார். படத்தில் வண்டி கறுப்பாகத் தெரிந்தது. நகர்ந்து நின்று அழுத்தினார். நம்பர் பிளேட்டில் வெளிச்சம் அடித்து எழுத்தே காணோம். மூன்றாவதில் அவர் விரல் விழுந்திருந்தது.

மணி ஒன்பது.

"மொதலாளி, எம் பொண்ணு நல்லா எடுக்கும்ங்க" என்றான் வேடியப்பன். வேறு வழியில்லை. இவர் எடுத்தால் சாயங்காலம் ஆகும்.

கலையரசி போனை வாங்கினாள். ஒரு சுற்று வண்டியைச் சுற்றி வந்தாள். "சூரியன் நம்ம முதுவுக்குப் பின்னாடி இருக்கணும். வண்டிய திருப்பி, கொஞ்சம் சாச்சி நிறுத்துங்கண்ணே" என்று சரத்குமாரிடம் சொன்னாள். "மூஞ்சியும் தெரியணும், ஒரு பக்கமும் தெரியணும். சக்கரத்த வெளிய ஒடிச்சி வைங்க."

"பாருடா, சினிமாக்காரங்க தோத்தாங்க" என்றார் தனசேகரன்.

அவள் தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, போனைத் தாழ்த்திப் பிடித்தாள். திரையில் அதே பிக்கப் வண்டி திடீரென்று லாரி மாதிரி நிமிர்ந்து நின்றது. அழுத்தப் போனவள் நிறுத்தினாள்.

"சார், கொஞ்சம் அந்தாண்ட போங்க."

"நான்தான் ஓரமா நிக்கறேனே?"

"கதவுல தெரியறீங்க."

கழுவின கதவில் தனசேகரன் வாட்சோடு பளபளவென்று விழுந்திருந்தார். அவர் முகம் சுளித்து, பூவரச மரத்துக்குப் பின்னால் போனார்.

அதற்குள் அக்கம்பக்கத்தில் தலைகள் முளைத்துவிட்டன. எதிர் வீட்டுச் செல்லமுத்து, வேடியப்பனோடு சின்ன வயதிலிருந்து கிழங்கு பிடுங்கியவன், பல் குச்சியோடு வந்து பானெட்டைத் தட்டிப் பார்த்தான்.

"யாருதுடா வேடி?"

வேடியப்பன் பதில் சொல்வதற்குள் மரத்துக்குப் பின்னாலிருந்து தனசேகரன் குரல் வந்தது. "அவுனுதுதாம்பா. ஆர்.சி. புக்கே அவன் பேர்லதான்."

செல்லமுத்து குச்சியை வாயிலிருந்து எடுத்தான். "இத்தினி வருசமா மூட்ட தூக்கறேன், மூட்ட தூக்கறேன்னு எங்கிட்டயே நடிச்சிக்கினு இருந்தியா? கட்டிங் வாங்கிக் குடுக்கணும்னு பயமா?" என்றவன், சட்டென்று குரலைத் தாழ்த்தி, "நம்மூர்ல மொத வண்டிடா இது" என்றான்.

அந்த ஒரு வார்த்தை வேடியப்பனுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்தது. தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்தான். பனியனோடு நின்றவன் உள்ளே போய்ப் பொங்கலுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான்.

ஐந்தாவது படம் எடுத்தார்கள். பயனாளி வாகனத்துடன். தனசேகரன் சாவியைக் கையில் கொடுத்து, "சாவி தெரியறாப்ல புடி. சிரி. சாவுக்கு வந்தவனாட்டம் நிக்காத" என்றார். படம் முடிந்ததும் சாவியை வாங்கிக்கொண்டார். படங்களை அனுப்ப நல்ல சிக்னல் தேடி, போனோடு தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறினார். சரத்குமார் சிகரெட்டுக்கு ஒதுங்கினான்.

மணி பத்து. பனி முழுசாக விலகி, மலை பச்சையாகத் துலங்கியது. வண்டி தனியாக நின்றது.

வேடியப்பன் சுற்றிலும் பார்த்தான். கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். இரண்டு வருடத்தில் முதல் தடவை. தோரணத்தைக் கொஞ்சம் கீழே இழுத்து அந்தப் பெயரை முழுசாக மறைத்தான். முழங்கையை ஜன்னலில் வைத்தான்.

"கலை. ஒண்ணு எனக்கு எடு. என் போன்ல."

"அப்பா, அந்தம்மா வந்துடுவாங்க."

"ஒண்ணே ஒண்ணுதான்."

அவள் முழங்காலை ஊன்றினாள். இந்த முறை அவசரப்படவில்லை. நம்பர் பிளேட் பளிச்சென்று இருக்கிறதா, வானம் எவ்வளவு வருகிறது, அப்பாவின் முகத்தில் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துப் பார்த்து எடுத்தாள். அப்படியொரு படம் வேடியப்பனுக்கு அவன் கல்யாணத்தில்கூட அமையவில்லை. மூட்டை தூக்கிக் கூனின தோள் தெரியவில்லை. வண்டிக்காரன் ஒருவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"போன்ல எம் பேருக்குப் பக்கத்துல ஒரு வட்டம் வருமே, அதுல வையி இத" என்றான். "செல்லமுத்து பாக்கட்டும்."

பத்தரைக்கு வண்டி இறங்கியது. தனசேகரன் போகும்போது, "நல்லா வந்துச்சிடா. நாளைக்கு ஆறு மணிக்கெல்லாம் மண்டிக்கு வந்துரு" என்று கையசைத்தார். வண்டி சாமைக் காட்டு வளைவில் மறைந்ததும் ராஜாம்பாள் துடைப்பத்தை எடுத்தாள். வாசலில் இருந்த டயர்த் தடத்தை ஒன்றுவிடாமல் பெருக்கினாள். சிந்தின தண்ணீர் மேல் சாம்பலைத் தூவினாள். தோரணத்திலிருந்து விழுந்த மாவிலையைக்கூடப் பொறுக்கி அடுப்பில் போட்டாள்.

"அந்தம்மா வந்து கேட்டா வாயத் தொறக்காத" என்று செல்லமுத்துவிடம் சொல்லி வைத்தாள்.

"நான் எதுக்குத் தொறக்கறேன்? வண்டி வாங்கனதயே எனக்கு யாரும் சொல்லலியே" என்றான் அவன்.

பதினொன்று பத்துக்கு ஒன்றிய ஆபீசிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார் செந்தமிழ்ச்செல்வி. நாற்பது வயதிருக்கும். தோளில் பை, முகத்தில் களைப்பு. வீட்டுக்குள் குனிந்து நுழைந்தார். கரைந்த சுவரை எடுத்தார், தார்ப்பாயை எடுத்தார். மூன்று பேரையும் வாசலில் நிறுத்தி ஒரு படம் எடுத்தார்.

"ஆடு மாடு?"

"ரெண்டு ஆடுங்க."

"பைக், கார், டிராக்டர்?"

"சைக்கிளே இல்லீங்க மேடம்" என்றாள் ராஜாம்பாள்.

செந்தமிழ்ச்செல்வி லேசாகச் சிரித்து அழுத்திக்கொண்டே போனார். "வூடு கண்டிப்பா வந்துரும்மா. இத விட மோசமான சுவர நான் பாக்கல." ராஜாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கலையரசி அப்பாவைப் பார்த்தாள். வேடியப்பனுக்கு அப்போதே சிமெண்ட் வாசனை அடித்தது.

"ரசீது ஒண்ணு அனுப்பறேன். உங்க நம்பர் சொல்லுங்கண்ணா."

சொன்னான். அவர் பதிந்தார். பதிந்ததும் திரையைப் பார்த்தார். கட்டை விரலால் ஒரு தட்டு தட்டினார். நிமிர்ந்து வீட்டைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

கலையரசிக்கு முதலில் புரிந்துவிட்டது.

"இது யாரு வண்டிண்ணா?"

அவர் திருப்பிக் காட்டிய போனில் வேடியப்பன் ஜன்னலில் கை போட்டு உட்கார்ந்திருந்தான்.

"அது... தெரிஞ்சவரு வண்டிங்க. கள்ளக்குறிச்சி போனப்ப சும்மா ஏறி உக்காந்து..."

"கள்ளக்குறிச்சியா?" செந்தமிழ்ச்செல்வி படத்தைப் பெரிதாக்கினார். வண்டிக்குப் பின்னால் மண் சுவர், நீலத் தார்ப்பாய், பூவரச மரம். சற்று முன் அவர் எடுத்ததும் அதையேதான். "நம்பர் நல்லாத் தெரியுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வாகனப் பதிவு பார்க்கும் ஆப்பில் அதை அடித்தார். உரிமையாளர் பெயர் வந்தது. அவர் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. அவனிடம் நீட்டினார்.



"போன மாசம் இதே மாதிரி ஒண்ண விட்டுட்டு மெமோ வாங்கனேன்" என்றார் அவர். கோபமில்லை, அலுப்பு. "வண்டி உங்களுது இல்லன்னா எழுதிக் குடுங்க. என் பேர்ல வாங்கி இன்னார் ஓட்டறாருன்னு எழுதுங்க. நான் மேல அனுப்பறேன். வூடு நிக்கும்."

"அவருக்கு இன்னா ஆவும்?"

"விசாரிப்பாங்க. மானியத்துல பொய் சொன்னது யாருன்னு."

"கையெழுத்து போட்டது நானுங்க."

"அப்ப உங்களத்தான் மொதல்ல கூப்பிடுவாங்க."

வேடியப்பனுக்கு அந்த ஏழு கையெழுத்தும் கண்முன் வந்தன. தனசேகரன் எங்கேயும் கையெழுத்துப் போட்டதில்லை. ஒரு படத்தில்கூட அவர் இல்லை. கதவில் விழுந்த அவர் உருவத்தைக்கூட, தள்ளிப் போகச் சொல்லி இவன் மகளே நீக்கியிருக்கிறாள். எழுதிக் கொடுத்தால் கேஸ் இவன் மேல். மண்டி வேலையும் போகும். வழக்குக்குக் கள்ளக்குறிச்சிக்கும் மலைக்கும் நடந்தால் ஐப்பசிக்குள் யார் சோறு போடுவார்கள்?

"சொல்லுங்கண்ணா. யாரு வண்டி?"



"என்னுதுதாங்க" என்றான்.

செந்தமிழ்ச்செல்வி அவனை நிமிர்ந்து பார்த்தார். வேறு ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்திருக்கலாம். பிறகு தலையைக் குனிந்து, 'தகுதி இல்லை' என்ற இடத்தில் அழுத்தினார். பையை மாட்டிக்கொண்டு, ராஜாம்பாள் முகத்தைப் பார்க்காமல் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

ராஜாம்பாள் அழவில்லை. கத்தவில்லை. பெருக்கி வைத்த வாசலைப் பார்த்தாள்.

"உன் வண்டி தான? போயி எடுத்துக்கினு வா. மழைக்கு மூணு பேரும் அதுலயே படுத்துக்கலாம்."

கலையரசி போனை எடுத்து, "அழிச்சிடட்டாப்பா?" என்றாள். அவன் பொங்கல் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். அவள் அழித்தாள்.

சாயங்காலம் மேற்கே மேகம் கறுத்து ஏறியது. வேடியப்பன் பின்சுவரைச் சுற்றி வந்து பார்த்தான். இந்த மழை தாங்காது. வெள்ளிமலையில் ஒருவரிடம் பழைய தகர ஷீட் எட்டு கிடக்கிறது. தலையில் சுமந்து வர முடியாத நீளம். தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்று தனசேகரனுக்குப் போன் போட்டான்.

"சொல்றா. படம் ஓக்கே ஆயிடுச்சி. இனிமே வருசா வருசம் உன் வூட்டாண்டயே வச்சிக்கலாம்."

"மொதலாளி, வூட்டுக்குத் தகரம் ஏத்தியாரணும். நாளைக்கி ஒரு நடை நம்ம வண்டிய..."

"நம்ம வண்டியா?" மறுமுனையில் சிரிப்பு. "சரி, உனக்கின்றதால வாடக வாணாம். டீசல மட்டும் போட்டுக்க. சரத்துக்குப் படி தனியா குடுத்துரு."

"சரிங்க" என்றான் வேடியப்பன்.