சத்தம் போடாத அறை

சுப்ரியா பெங்களூரில், பிள்ளைகளை விளையாட வைத்தே குணப்படுத்தும் விளையாட்டுச் சிகிச்சை படித்துவிட்டு, ஓசூருக்கு வந்து சிகிச்சைக்கென்று அறை பிடித்தவள். நரம்பு மண்டலம் என்று ஆரம்பித்தால் அவளை நிறுத்த யாராலும் ஆகாது, அவளாலேயே ஆகாது. "பயந்த பிள்ளையோட உடம்பு, சுத்தி ஆபத்து இருக்கான்னு சதா பாத்துக்கிட்டே இருக்குங்க. இல்லேன்னு அதுக்குத் தெரிஞ்சாத்தான் விளையாட்டு, பேச்சு எல்லாம்" என்று வீரலட்சுமிக்கு வகுப்பே எடுத்திருந்தாள்.

வீரலட்சுமியின் மகள் பிரவீனா சொந்த ஊரான மத்தூரில் இருந்தவரை வாயாடி. ஓசூருக்குக் குடிவந்த பிறகு பேச்சே நின்றுவிட்டது. பேசாத பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க மாட்டோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் சில நாளாகச் சுப்ரியாவிடம் கூட்டிவருகிறாள்; பிள்ளை பேசுகிறாளா என்று நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் போய்ப் பதில் சொல்ல வேண்டும்.

சுப்ரியாவின் அறையைப் பார்க்க வேண்டுமே! ஜன்னலுக்குக் கனத்த திரை, தரையெல்லாம் மெத்தை. கிரீச்சிடுகிறது என்று மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டாள். பூனை மாதிரி நடந்தாள், குசுகுசுவென்று பேசினாள். பிரவீனா மூலையில் இன்னும் சுருங்கினாள். சரி, நம்ம சத்தம்தான் ஜாஸ்தி போல என்று அந்த மகராசி குரலை மேலும் தணித்தாள். படித்த படிப்பு அப்படி.

அன்றைக்கு விளையாட்டு மரக்கட்டை டப்பாவை ஓசைப்படாமல் எடுக்கப் போய், அலமாரித் தட்டே சரிந்தது. கட்டைகள் தடதடவென்று கொட்டின. ஒன்று அவள் கால் விரலில். "அய்யய்யோ, அம்மா!" போட்ட கூப்பாட்டில் நிபுணத்துவம் எல்லாம் போயே போச்சு.

பிரவீனா ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"ஷ்ஷ்! அப்பா தூங்குது."

சுப்ரியாவுக்குக் கால்வலி மறந்துபோனது. ஒத்தை அறை லைன் வீடு, கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலெல்லாம் தூங்கும் அப்பா. வீரலட்சுமி முதல் நாளே சொல்லியிருந்தாள். இவள்தான் நரம்புப் பாடத்தில் காதில் வாங்கவில்லை. அந்த வீட்டுத் திரையும் குசுகுசுப்பும் பிள்ளையின் உடம்புக்குச் சொல்வது ஒன்றே ஒன்று: மூச்சு விடாதே. அதையே பார்த்துப் பார்த்து இங்கேயும் கட்டி வைத்திருக்கிறாள், மண்டு!

"இங்க யாரும் தூங்கல கண்ணு!" உரக்கச் சொல்லிவிட்டு, திரையை இழுத்துத் திறந்து, ஒரு கட்டையால் டப்பாவைத் தட்டினாள். பிரவீனா கதவைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. தானும் ஒரு தட்டு தட்டினாள். மறுபடி கதவைப் பார்த்தாள். அப்புறம் ரெண்டு கையாலும் தட்டித் தீர்த்தாள்.

வெளியே காத்திருந்த வீரலட்சுமி, உதட்டில் விரலை வைத்துக்கொண்டே பதறி ஓடிவந்தாள்.

"அம்மா, இங்க கத்தலாம்!" பிரவீனா கத்தினாள்.

வீரலட்சுமி விரலை எடுத்தாள். மெத்தையில் அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சத்தம் போட்டு அழுது அவளுக்கும் ரொம்ப நாளாகியிருந்தது.