பேர் சொல்லாதது

எங்கள் சங்கவிக்குப் பத்து மாதம். ஒரு வாரமாகத் தூக்கமே இல்லை. கண்ணை மூடினால் துள்ளி எழுந்து வீறிடுவாள். எதிர்வீட்டுக் கல்யாணத்தில் வைத்த சரவெடியில் பயந்துவிட்டாள் என்று என் அக்கா வீரம்மாள் முடிவுகட்டிவிட்டாள். புருஷனை இழந்து எங்களோடு இருப்பவள். நானும் என் மனைவி பானுப்ரியாவும் வேலைக்குப் போனால் பிள்ளை அவள் இடுப்பில்தான். வேப்பிலை அடித்தாள், மிளகாய் சுற்றிப் போட்டாள், பள்ளிவாசலில் மந்திரித்த தண்ணீரைத் தெளித்தாள். பிள்ளை அழுகையை நிறுத்தினால்தானே!

பானு வானூர்ப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்க்கிறாள். அங்கே வெள்ளைக்காரர்கள் நல்ல தூக்கம் வரப் படுக்கும் முன் வெந்நீரில் போட்டுக் குடிக்கிற சீமைச்சாமந்திப் பூவில் ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள்.

"பூவ காய்ச்சிக் குடிக்கிறதா? பூவு சாமிக்கு, இல்லன்னா பொணத்துக்கு. எம்புள்ள வாயில அத ஊத்துன, பாரு!" என்றாள் அக்கா.

பானு பொட்டலத்தை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் பேசாமல் போனால் வேறு ஏதோ முடிவு செய்துவிட்டாள் என்று அர்த்தம். இரண்டு பேருக்கும் நடுவில் தலையைக் கொடுக்க நான் என்ன கிறுக்கனா?

மறுநாள் ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்தேன். அக்கா விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். அக்காவும் பானுவும் ஒரே நேரத்தில் உதட்டில் விரலை வைத்தார்கள். இரண்டு முகத்திலும் ஜெயித்த சிரிப்பு. ஆசையாகக் குனிந்து பிள்ளையின் கையைத் தூக்கினேன். விட்டதும் தொப்பென்று விழுந்தது. கன்னத்தைத் தட்டினேன், உள்ளங்காலைச் சுண்டினேன். அசைவே இல்லை. மூச்சு மட்டும் மெல்ல வந்தது. பிள்ளையை வாரிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினேன்; இரண்டு பேரும் பின்சீட்டில் ஏறினார்கள்.

திண்டிவனம் ரோட்டில் எதிரே வந்த லாரிக்காரனெல்லாம் என்னைத் திட்டினான். கிளியனூர் தாண்டியதும் பின்சீட்டில் பானு உடைந்தாள்.

"நாந்தாங்க. அந்தப் பூத்தண்ணி ரெண்டு பாலாடை குடுத்துட்டேன். அண்ணிக்குத் தெரியாம."

அக்கா அவளைக் கிழித்துவிடுவாள் என்று காத்திருந்தேன். அக்கா பிள்ளையை மாரோடு இறுக்கிக்கொண்டாள், அவ்வளவுதான். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பிள்ளையின் இமையை விரித்து டார்ச் அடித்துப் பார்த்தார். பானு அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டார்.

"பூத்தண்ணிக்கு மட்டும் இப்படி ஆகாதும்மா. வேற இன்னா குடுத்தீங்க? சொன்னாத்தான் நான் வைத்தியம் பாக்க முடியும். ஜல்தி!"

அப்போதுதான் அக்காவின் ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். நுனியில் கரி. நெருப்பில் சுட்டு, பாலில் உரைத்து, பிள்ளை நாக்கில் துளி தடவுகிற வேர். எங்கள் பக்கம் அது இல்லாத வீடு கிடையாது. விளக்கு வைத்த பிறகு அதன் பேரைச் சொன்னால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். கடையில்கூட 'பேர் சொல்லாதது' என்றுதான் கேட்போம். இதற்காக அக்காவை எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நாக்கு எழவில்லை. என் பிள்ளை அங்கே கிடக்கிறாள், வெளியே இருட்டிவிட்டது, அந்த ஒரு சொல் எனக்கு வரவில்லை.

அக்கா தன் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "வர்றது எந்தலையோட போவட்டும்," என்று முனகினாள். பிறகு உரக்கச் சொன்னாள்.

"வசம்புங்க. தடவல. ஒரு துண்டு மொத்தமும் ஒரச்சி ஊத்திட்டேன். தூங்கட்டுமேன்னு..."

பிள்ளையை உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பானு கதவோரம் நின்றாள். அக்கா வெளியே போய்விட்டாள். பேரைச் சொன்ன வாயோடு பிள்ளை இருக்கும் இடத்தில் நிற்கக்கூடாதாம்.

நெடுநேரம் கழித்து உள்ளே வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சிணுங்கல். பிறகு வீறிட்டாள். ஒரு வாரமாக எது நிற்க வேண்டுமென்று மூன்று பேரும் கும்பிட்டோமோ, அதே வீறல். பானு சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

நான் வெளியே ஓடினேன். அக்கா ஆட்டோ பக்கத்தில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் எடுத்தாள்.

"அழுவுதாடா?"

"அழுவுதுக்கா."

"யாரும் நிறுத்தாதீங்கடா. அழுவட்டும்."