பகலில் எரிந்த பல்பு

கரண்டு ஆபீஸ்காரர் கொட்டச்சேடு மலைக்கிராமத்துக்கு வருகிற அன்றும் அத்தாயி வீட்டில் பட்டப்பகலில் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, இன்னைக்கு ஒரு நாளைக்கு ஓடைத் தண்ணியை உடற பலகையை மூடிப்போடுங்க."

"எதுக்கு?" என்றார் அவள் புருசன் ஐயாக்கண்ணு.

"கரண்டு இல்லாத ஊட்டுக்குத்தான் கம்பி இழுக்கறாங்களாமா. இது எரியறதப் பார்த்தா நம்ம பேரை அடிச்சுட்டுப் போயிருவாருங்க."

"பார்க்கட்டும். இந்த மலையில தண்ணியில கரண்டு எடுத்தவன் வேற எவன் இருக்கான்?"

பழைய ஜீப்பின் டைனமோ, பலகைகளை அடித்துச் செய்த சக்கரம், ஜீப்பின் முன்விளக்கு பல்பு ஒன்று. அதுதான் அவருடைய கரண்டு. சுவிட்சு கிடையாது. பல்பைக் கழற்றினால் சக்கரம் வெறி பிடித்துச் சுற்றி டைனமோ கெட்டுவிடுமாம். அதனால் ராவும் பகலும் எரியும். ஓடையில் தண்ணீர் கூடினால் பல்பு போய்விடும். ஆடியில் ஒன்று, புரட்டாசியில் ஒன்று போயாயிற்று. தை பிறந்தால் ஓடையில் கல்தான் கிடக்கும். வைகாசி வரைக்கும் சிம்னி விளக்கு. நாலு வருசமாக இதே கதை. இந்த முறை பேர் விட்டுப்போனால் அடுத்த கம்பி எப்போது வருமோ, யாருக்கும் தெரியாது.

பதினொரு மணிக்குத் தூறலில் நனைந்தபடி கரண்டு ஆபீஸ்காரர் வேலுசாமி வந்தார். கையில் விண்ணப்பப் பாரம்.

"ஊட்டுல லைட்டு எரியுதே. அப்புறம் எதுக்கும்மா மனு?"

"அது லைட்டு இல்லைங்க சார். இவரோட வெளையாட்டு."

"வெளையாட்டா?" ஐயாக்கண்ணு முன்னால் வந்தார். "பன்னண்டு மாசமும் எரியுமுங்க."

அத்தாயி தலையில் கை வைத்துக்கொண்டாள். "மாசி மாசம் வந்து பாருங்க சார். ஓடையில ஆடு நடந்து போகும்."

"இப்ப எரியுதேம்மா. நான் பார்த்ததைத்தானே எழுதோணும்?"

"எழுதுங்க. ஆனா உள்ளே வந்து, இந்த லைட்டுக்கு அடியில உக்காந்து எழுதுங்க. காப்பி போடறேன்."

மூடுபனி சன்னல் வரைக்கும் வந்து நின்றிருந்தது. பல்பு, அணையப்போகும் கரித்துண்டு மாதிரி சிவந்து மங்கியது. வேலுசாமி பாரத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், தூரமாகப் பிடித்தார்.

"எந்தக் கட்டத்துல எழுதறதுன்னே தெரியலயே."

"கேட்டீங்களா?" என்றாள் அத்தாயி, புருசனைப் பார்த்து. "சாருக்கு எழுத்தே தெரியலையாமா. உங்க கரண்டோட லட்சணம் இவ்வளவுதான்."

"பலகை பாதிதான் தொறந்திருக்குது. முழுசாத் தொறந்தா ஊசி கோக்கலாம்."

"அப்பத் தொறந்து உடுங்க. நான் வேண்டாங்கல."

ஐயாக்கண்ணு கீழே ஓடைக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் பல்பு மஞ்சளானது, வெள்ளையானது, சுவரில் தொங்கிய காலண்டரின் தேதி எல்லாம் தெரிந்தது.

"அடேங்கப்பா," என்று வேலுசாமி பேனாவைத் திறந்தார்.

டப்பென்று ஒரு சத்தம். வீடு இருட்டானது.

"வேற பல்பு இருக்குதாம்மா?"

"இல்லைங்க. இனிச் சேலத்துக்குப் போனாத்தான்."

வேலுசாமி வாசலுக்குப் போய், வெளிச்சத்தில் பாரத்தைப் பிடித்து எழுதினார். அத்தாயி எட்டிப் பார்த்தாள். 'மின்வசதி இல்லை.'

முழங்கால் வரை நனைந்து ஐயாக்கண்ணு மேலேறி வந்தார். மூச்சு வாங்கியது.

"எப்படி இருந்துச்சு?"

"நொம்ப வெளிச்சமா இருந்துச்சுங்க," என்றாள் அத்தாயி. "காலைத் தொடைச்சுட்டு உள்ளே வாங்க."