மக்கள் தேர்ந்தெடுத்த இடம்

சாவிக்காரருக்கு அன்று தலைகால் புரியவில்லை. தான் குடியிருக்கும் வீட்டை ஆகாயத்திலிருந்து பார்ப்பது எல்லோருக்கும் வாய்க்கிற காரியமா? நகராட்சி மண்டபத்தில் நடு மேசை மேல் ஊரின் படத்தைப் பாய் மாதிரி விரித்து வைத்திருந்தார்கள். கூரைகளெல்லாம் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டதுபோல் கிடந்தன. அதில் ஒரு துளி நீலம். போன மழைக்கு அவரே ஏறிக் கட்டிய தார்ப்பாய்.

"இதோ! இதோ நம்ம வீடு!" என்று கூவி, கையிலிருந்த பச்சை ஸ்டிக்கரை அதன் மேல் ஒட்டினார். யாரோ போட்டோ எடுத்தார்கள். நன்றாகச் சிரித்தார்.

எதற்கு ஒட்டுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. பருவநிலை மாறுகிறது, ஊர் எப்படித் தயாராவது என்று பொதுமக்களே சொல்லுங்கள் என்றுதான் கூப்பிட்டிருந்தார்கள். திட்ட அதிகாரி நல்ல பெண்தான், பொறுமையாகத்தான் பேசினார். ஆனால் மைக் அவரைவிட அதிகமாகப் பேசியது. மின்விசிறியடியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர் காதுக்கு வந்து சேர்ந்தவை "தாங்குதிறன்", "பங்கேற்பு", "ஆளுக்கு ஒரு ஸ்டிக்கர்" ஆகிய மூன்றுதான். பக்கத்தில் இருந்தவரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் புரியவில்லை என்பது வெளியே தெரிந்துவிடுமே! அவர் குடியிருக்கும் சந்து ஜனங்களுக்கு மானம் பெரிது. முன்னால் போகிறவர் என்ன செய்கிறாரோ அதையே பின்னால் போகிறவரும் செய்துவிட்டு வருவார்.

அன்று முன்னால் போனவர் நம் சாவிக்காரர். தன் வீட்டைக் கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை. "அக்கா, உங்க தண்ணித் தொட்டி இதோ. பெரியவரே, உங்க மாடிப்படி இங்க வளையுது பாருங்க" என்று வந்தவர்களுக்கெல்லாம் வீடு காட்டிக் கொடுத்தார். அவரவர் வீட்டு மேல் அவரவர் ஸ்டிக்கர். நெருக்கடியான சந்து வேறா, பச்சை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டது. டீ, பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் திருப்தியாகக் கலைந்தார்கள்.

சில வாரம் கழித்துச் சந்து முனையில் பலகை வைத்தார்கள். "மழைவெள்ளம் தாங்கும் குளம். மக்கள் தேர்ந்தெடுத்த இடம்." அதன் கீழ் அவர்களுடைய சந்தின் பெயர். அதற்கும் கீழே, விரலை நீட்டிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் சாவிக்காரர்.

சாவிக்கடை முன்னால் கூட்டம் கூடியது. "குளம் வேணும்னு யாருய்யா கேட்டது?" என்றார் இட்லிமாவு விற்கிற அக்காவின் வீட்டுக்காரர். அக்கா அழுதுகொண்டிருந்தார். "நீதானே விரல் வச்சுக் காட்டினே?"

"நான் வீட்டைத்தான் காட்டினேன்."

"அவங்க குளம் எங்க வெட்டலாம்னு கேட்டிருக்காங்க! இப்ப நம்ம வீடெல்லாம் போகுது!"

அவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. வீட்டில் மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டாள். "ஊரெல்லாம் பூட்டு சாவி போடுற மனுஷன் சொந்த வீட்டைத் திறந்து விட்டுட்டு வந்திருக்கீங்க." சிரிக்கத்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த வீட்டுக்காக அவள் நகை போன கதை வேறு.

அதிகாரியைப் போய்ப் பார்த்தார். அந்தப் பெண்ணும் திருதிருவென்று விழித்தார். "சார், நான் அன்னிக்கு வீட்டுக்குப் போய் அழுதேன் சார். ஊர் நல்லா இருக்கட்டும்னு தாங்க குடியிருக்குற இடத்தையே கொடுக்குறாங்களேன்னு. அப்போ அது இல்லையா?"

"இல்லைம்மா. வீடு தெரிஞ்சுது, ஒட்டினோம்."

அதிகாரி, "மறுபடியும் கூட்டம் போடுறேன். ஆனா மக்கள் சொன்னதை மக்கள்தான் மாத்தணும். வேற இடம் சொல்லணும்" என்றார்.

இரண்டாம் கூட்டத்துக்கு மச்சினனும் வந்தான். மனைவியின் ஒரே தம்பி, வேன் ஓட்டுகிறவன். அன்றைய சவாரியை விட்டுவிட்டு, சந்துக்காரர்கள் எல்லோரையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தது அவன்தான். "எங்கக்கா வீட்டு மேல எவன் கை வைக்கிறான்னு பார்த்துடறேன் மாமா" என்று மண்டப வாசலிலேயே ஒரு பாட்டம் கத்தினான். உள்ளே வந்து உட்காருவதற்குள், வேன் வழியை அடைக்கிறது என்று காவலாளி கூப்பிட, அதை நகர்த்தி நிறுத்தப் போனான்.

இந்தத் தடவை சாவிக்காரர் முதல் வரிசை. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. பொறியாளர் எழுந்து, "பள்ளமான இடம் ரெண்டுதான். ஒண்ணு உங்க சந்து. இன்னொண்ணு கால்வாய்க்கு அந்தப் பக்கம், லாரி எடைமேடைக்குப் பின்னாடி இருக்குற தெரு" என்றார்.

எடைமேடைக்குப் பின்னாடி இருக்கிற தெருவில்தான் மச்சினன் வீடு.

"தண்ணி மேட்டுப் பக்கத்துலேருந்துதானே வருது? அங்கயே வெட்டக் கூடாதா?" என்று ஒருவர் கேட்டார்.

"மேட்டுப் பக்கம் இந்தப் படத்துல இல்லீங்க."

"ஏன் இல்லை?"

"படம் இவ்வளவுதான் கொடுத்தாங்க."

"அந்தத் தெரு ஆளுங்க யாரும் வரலையேம்மா?" என்று சாவிக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அவங்களுக்குத் தனியா கூட்டம் வைப்போம் சார். முதல்ல இடம் முடிவாகட்டும்" என்றார் அதிகாரி. சொன்ன பிறகு அவருக்கே ஏதோ இடித்திருக்க வேண்டும், கையிலிருந்த தாளைப் புரட்டினார்.

ஸ்டிக்கர் வந்தது. யாரும் அசையவில்லை. சந்து முழுவதும் சாவிக்காரரையே பார்த்தது. அவர் ஒட்டாவிட்டால் இன்னொருவர் ஒட்டுவார், அவ்வளவுதானே? ஒட்டாமல் போனால் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? ஒட்டினால் மட்டும் எப்படி விழிப்பது? இரண்டு கேள்வியும் ஒன்றா வேறா என்றுகூட அவருக்குப் பிடிபடவில்லை. எழுந்து போனார். எந்தக் கூரை மேலும் படாமல், மச்சினன் தெருவின் நடுவில், ரோட்டின் மேல் ஒட்டினார். ரோட்டின் மேல்தானே என்று சொல்லிக்கொண்டார். ஸ்டிக்கர் ரோட்டைவிட அகலம். மற்றவர்கள் வரிசையாக வந்தார்கள்.

மச்சினன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "முடிஞ்சுதா மாமா? நம்ம ஆளுங்க எங்க ஒட்டுறாங்க?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பச்சை எங்கே குவிந்திருக்கிறதென்று மட்டும் பார்த்தான், ஒரு ஸ்டிக்கரை வாங்கினான், அதன் மேலேயே அழுத்தி ஒட்டினான். கட்டைவிரலால் ஒரு முறை தேய்த்தும் விட்டான். சாவிக்காரர் வாயைத் திறந்தார். இட்லிமாவு அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

வேனில் திரும்பும்போது மச்சினன் ஒருவன்தான் பேசிக்கொண்டு வந்தான்.

வாசலிலேயே நின்றிருந்தாள் மனைவி. "என்னடா ஆச்சு? வீடு தப்பிச்சுதா?"

"தப்பிச்சுதுக்கா! நானே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டுத்தான் வந்தேன்."

"நல்லாயிருப்படா" என்று தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷத்தில் அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப யாரு வீடுடா போகுது, பாவம்?" என்றாள்.

"தெரியலக்கா. மாமாவைத்தான் கேக்கணும்."

இருவரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.