குச்சி விழுந்த இடத்தில் கைதட்டல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. இங்கே ஜாவாவில், பண்டுங் நகரத்தில் ராக் இசைக்கென்று சின்னதாக ஒரு பத்திரிகை நடத்தும் நண்பர், "உனக்குப் பிடிச்ச லைவ் ஆல்பம் அஞ்சைப் பத்தி எழுதிக் குடு. ஏன் கேக்கணும்னு சொல்லு. நடுவுல கல்யாணம், மாமியார்னு எங்கயாவது திரும்பிடாத" என்றார். என் நாவல்கள் எல்லாவற்றிலும் கடைசி அத்தியாயத்தில் யாராவது யாருக்காவது சோறு பரிமாறுவார்கள். அவர் பயம் அவருக்கு.

ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன்.

"ஸ்டுடியோவில் பதிவான பாட்டு, போட்டோவுக்காகத் தலைவாரிக்கொண்டு நிற்கும் மனுஷன். லைவ் ஆல்பம் என்பதோ..."

[அடித்துவிட்டேன். வரிக்கு வரி உவமை வந்தால், சொல்ல விஷயம் இல்லை என்று அர்த்தம்.]

மறுபடியும்:

"முதலாவது, சுராபாயா ஊர்க் குழு ஒன்றின் ஆல்பம். மூன்றாம் பாட்டின் நடுவில் கரண்ட் போய்விடுகிறது. பேட்டரியில் ஓடிய டேப் மட்டும் நிற்கவில்லை. இருட்டில் கூட்டமே மீதிப் பாட்டைப் பாடி முடிக்கிறது. யாரோ ஒருவர் கிடார் பகுதியைக்கூட வாயாலேயே வாசிக்கிறார். இரண்டாவதில் பாடகர் ஊர்ப்பேரை மாற்றிச் சொல்லி வணக்கம் வைக்கிறார். கூட்டம் ஊளையிடுகிறது. அவர் அசரவில்லை. ஜாவாவிலுள்ள ஊர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறார். சரியான பேர் வந்ததும் எழுகிற சத்தம் இருக்கிறதே, அதற்காகவே அந்த ஆல்பத்தை வாங்கலாம். மூன்றாவது..."

மூன்றாவது 'கெர்பாவ் பெசி' என்ற குழுவினுடையது. இரும்பு எருமை என்று அர்த்தம். அந்த ஆல்பம் இன்னும் வெளிவரவில்லை. என் தெருவிலேயே, இமாஸ் வீட்டின் பின்னறையில் மிக்ஸிங் நடந்துகொண்டிருந்தது. அங்கே போய் எட்டிப் பார்த்தேன். கட்டுரை நின்றுபோனது.

2

இமாஸ், குழுவின் ஒலிப்பதிவாளர். அவள் கணவன் ருஸ்தாண்டி டிரம்ஸ் வாசிப்பவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே மழை, உள்ளே மழையைவிடச் சத்தம். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். மெதுவான பாட்டு, கடைசிச் சரணம். எல்லா வாத்தியமும் அடங்கி டிரம்ஸ் மட்டும் தனியாக நடக்கும் இடம். நாலு அடி விழவேண்டும்.

விழவில்லை. மேடைப் பலகையில் டிரம்ஸ் குச்சி உருளும் சத்தம். பிறகு அந்தப் பழைய தியேட்டர் முழுக்க நிறைந்திருந்த ஜனம் நாலு தட்டையும் கையால் தட்டி, பாட்டைத் தூக்கி அவன் மடியில் மறுபடி வைத்துவிட்டது.*

"அந்த இடத்தை மூடிடு, நெங்" என்றான் ருஸ்தாண்டி. பெண்களையும் பெண்பிள்ளைகளையும் செல்லமாகக் கூப்பிடும் சொல். அவனுக்கு மனைவி மேல் பிரியமோ, அவளிடம் காரியமோ இருந்தால்தான் 'நெங்' வரும்.

"எந்த இடத்தை?"

"தெரியாத மாதிரி கேக்காத. முந்தின சரணத்துல இருந்து என் அடியை எடுத்து இங்க ஒட்டிடு. எல்லாரும் பண்றதுதான்."

"எல்லாரும் பண்றாங்க. அதான் எல்லா ஆல்பமும் பல்செட்டு கட்டின மாதிரி சிரிக்குது."

"கிண்டலுக்கு இது நேரமில்ல."

"சரி, காங் ருஸ்," என்றாள். 'காங்' என்றால் அண்ணன், இங்கே புருஷனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நிஜமாவே சொல்றேன். ஒட்டினா உங்க அடி டக்குனு விழும். ஜனங்க கைதட்டு கொஞ்சம் பின்னாடி விழும். கடைசி வரிசைக்குச் சத்தம் போய்ச் சேரணுமில்ல? ரெண்டும் சேந்தா சமையக்கட்டுல பாத்திரம் சரிஞ்ச மாதிரி இருக்கும். உங்க அடி வேணும்னா கூட்டத்தோட மைக்கைக் குறைக்கணும். கைதட்டு போயிடும்."

"போகட்டுமே."

"இந்த ஆல்பத்துலயே உருப்படியான இடம் அதுதான்!"

"அப்போ நான் வாசிச்ச மத்ததெல்லாம்?"

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் எந்தப் பெண்டாட்டியிடமும் கிடையாது. இமாஸ் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

* இதைக் கேட்டதும் நான் நோட்டை எடுத்தேன். கட்டுரைக்கு வேண்டிய ஒரே வாக்கியம் அப்போதுதான் கிடைத்தது: லைவ் ஆல்பத்தில் கூட்டம் வெறுமனே கேட்கிற இடத்தை நாம் மறந்துவிடுவோம், கூட்டம் தேவைப்படுகிற இடத்தை மறக்க மாட்டோம்.

3

இங்கே எனக்கு ஒரு சிக்கல். ருஸ்தாண்டி இப்படிப் பிடிவாதம் பிடிக்கிற ஆளில்லை. ஒருமுறை மேடையில் நாற்காலி உடைந்து விழுந்து, கீழே கிடந்தபடியே பாட்டை முடித்தவன். அந்த ஒலிப்பதிவைக் கல்யாண வீடுகளில் தானே போட்டுக் காட்டுவான். அப்படிப்பட்டவனுக்கு ஒரு குச்சியால் என்ன அவமானம்?

ஒரு காரணம் எழுதிப் பார்த்தேன்: "சில மாதங்களாகவே அவன் வலது கை லேசாக நடுங்கத் தொடங்கியிருந்தது. மருத்துவர்..."

[நிறுத்திவிட்டேன். கதை நகரவில்லை என்றால் உடனே வியாதியைக் கூப்பிடும் பழக்கம் எனக்கு வேண்டாம். அவன் கை நன்றாக இருக்கிறது. நேற்று என் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தனியாளாக நகர்த்தினான்.]

இரண்டாவது காரணம்: கூட்டத்தில் பழைய காதலி. இதை நான் ரசித்து அரைப் பக்கம் எழுதினேன். பச்சை உடுப்பு, முன்வரிசை, இருபது வருஷத்துக்குப் பின் ஒரு பார்வை. இமாஸிடம் காட்டினேன். அவள் வாயில் வைத்த வாழைக்காய் பஜ்ஜி வெளியே வந்துவிட்டது.

"இவருக்கா? என்னைப் பொண்ணு கேக்க வந்தப்ப என்னைப் பாக்கவே இல்ல. எங்க வீட்டு ரேடியோவைத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு. ஆனா நீங்க சொல்றதுல ஒண்ணு சரி. அன்னிக்கு யாரையோ பாத்திருக்காரு. நான் மேடைக்குப் பின்னாடி மெஷினோட உக்காந்திருந்தேன், எனக்குத் தெரியல."

"கேளேன்."

"கேக்கத்தான் போறேன். நீங்க வந்து பக்கத்துல நிக்காதீங்க."

அதனால் அடுத்த பகுதியில் நான் இல்லை. இமாஸ் பிறகு சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

4

அவள் நேராகவே கேட்டாள். "யாரைப் பாத்தீங்க?"

ருஸ்தாண்டி குச்சியை விரலில் சுழற்றினான். சுழற்றுவதை நிறுத்தினான்.

"மெலாத்தி வந்திருந்தா."

"எந்த மெலாத்தி?"

"நாம பெத்தது."

"அவ சிநேகிதி தியாஸ் வீட்டுக்குப் படிக்கல்ல போயிருந்தா!"

"தியாஸும் பக்கத்துலதான் நின்னா. ரெண்டு பேரும் சேந்துதான் படிச்சாங்க."

இமாஸுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்து, எது முதலில் என்று தெரியாமல் நின்றன. மெலாத்திக்குப் பதினாறு வயது. அப்பாவின் இசை தகரக்கூரை பிய்த்துக்கொண்டு விழுகிற மாதிரி இருக்கிறதென்று சாப்பாட்டு மேஜையில் சொன்ன மகராசி. அன்றிலிருந்து ருஸ்தாண்டி எந்தக் கச்சேரிக்கும் அவளைக் கூப்பிட்டதில்லை. வீட்டில் சாதகம் செய்வதுகூட அவள் பள்ளிக்கூடம் போன பிறகுதான். வெளியே சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அது அவனை எவ்வளவு தைத்திருக்கிறது என்று இமாஸுக்குத்தான் தெரியும்.

"என்ன பண்ணிக்கிட்டிருந்தா?"

"பாடிக்கிட்டிருந்தா." அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "எல்லா வரியும், இமாஸ். ஒரு வரி விடல. நான் எழுதின ரெண்டாவது சரணம், மேடையில பாடற நம்ம போங்கிக்கே பாதி மறந்துபோகும். இவ சரியாப் பாடறா. என் கையில என்ன இருக்குன்னே எனக்கு மறந்துபோச்சு."

மழை கொஞ்சம் குறைந்திருந்தது. இமாஸ் சத்தத்தின் அளவைத் தேவையில்லாமல் கூட்டிக் குறைத்தாள்.

"இதை ஏன் என்கிட்ட மறைக்கணும்?"

"நீ திட்டுவ. அவ பொய் சொல்லிட்டு வந்தாளே. அப்புறம், நான் பாத்தது அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா இனிமே வரமாட்டா. அந்த வயசு அப்படி. ஆல்பத்துல இந்த ஓட்டை இருந்தா, கேட்டதும் கண்டுபிடிச்சிடுவா, தன்னைப் பாத்துதான் அப்பா குச்சியை விட்டாருன்னு. எனக்கு ஆல்பம் முக்கியமில்ல, நெங். அவ மறுபடி வரணும்."

"மூடினா அவ தட்டின தட்டும் சேந்து போயிடுமே, காங்."

ருஸ்தாண்டிக்கு இது தோன்றியிருக்கவில்லை. குச்சியை மேஜைமேல் வைத்தான்.

5

ஆக, இமாஸ் இரண்டையும் தயார் செய்தாள். ஒன்று, ஓட்டை மூடியது. இன்னொன்று, திறந்தது. எதை அனுப்புவது என்று அன்றே முடிவாக வேண்டும். அப்போது பின்னறைக் கதவு திறந்து மெலாத்தி வந்தாள்.

"மம்மா, சாப்பாடு யாரும் செய்யலையா? இந்த வீட்ல எருமைக்கு மட்டும்தான் கவனிப்பா?"

"உக்காரு நெங். ஒரு பாட்டு கேட்டுட்டுச் சொல்லு."

"நானா? இதையா? தகரக்கூரையா?"

"அதையேதான்."

இங்கிருந்து எனக்கு இரண்டு வழி தெரிகிறது.

[முதல் முடிவு.] இமாஸ் மூடிய பதிப்பைப் போடுகிறாள். மெலாத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்கிறாள். பாட்டு முடிகிறது. "பரவால்ல" என்று எழுகிறாள். வாசல்வரை போய்த் திரும்புகிறாள். "குச்சி விழுந்துச்சே, பப்பா? அது எங்க?" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். அங்கே இல்லாத பெண்ணுக்குத் தெரிந்திருக்கக் கூடாத விஷயம். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சிரிப்பை அடக்குகிறார்கள்.

இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் இதன்படி கடைக்கு வருவது மூடிய பதிப்பாக இருக்கலாம். அன்று அந்தத் தியேட்டருக்கு வராத நீங்கள் அந்தக் கைதட்டலைக் கேட்கவே போவதில்லை.

[இரண்டாம் முடிவு.] இமாஸ் திறந்ததைப் போடுகிறாள். குச்சி உருள்கிறது. கூட்டம் தட்டத் தொடங்குவதற்கு ஒரு நொடி முன்னால், இடப்பக்க மைக்கில் தனியாக ஒரே ஒரு கைதட்டல் கேட்கிறது. அதைக் கேட்டுத்தான் மற்றவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். மெலாத்தியின் காது சிவக்கிறது. ருஸ்தாண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறான், மகள் தைரியமாகச் சிவந்துகொள்ளட்டும் என்று. பிறகு, யாரிடமோ பேசுவதுபோல, "அடுத்த மாசம் கரூட் ஊர்ல கச்சேரி. மினிவேன்ல இடமிருக்கு" என்கிறான். மெலாத்தி முடியை இழுத்துக் காதை மூடிக்கொள்கிறாள். மாட்டேன் என்று சொல்லவில்லை.

அந்த முதல் தட்டு அவளுடையதுதானா? நான் ஆமாம் என்று எழுதினால் ஆமாம் ஆகிவிடும். அதனாலேயே எழுதவில்லை.

6

பத்திரிகை நண்பர் போன் செய்தார். "மூணாவது ஆல்பம் என்னாச்சு?"

"அதுல ஒரு குடும்பம் வந்துடுச்சு."

"எனக்குத் தெரியும்! சோறு பரிமாறிட்டாங்களா?"

"இல்ல. யாரும் சமைக்கவே இல்ல."

மிக்ஸிங் அறையில் நடந்ததை இமாஸ் இதற்கு மேல் என்னிடம் சொல்லவில்லை. "வெளிய வந்ததும் காசு குடுத்து வாங்கிக் கேளுங்க" என்கிறாள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மெலாத்தி அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டாள். ருஸ்தாண்டி எதையோ தேடுவதுபோல் தரையைத் துழாவினான். இமாஸ் ஹெட்போனை மகளின் காதில் மாட்டி, முடியை ஒதுக்கிவிட்டு, இரண்டு பதிப்புகளில் ஒன்றைத் தேர்ந்து ஓடவிட்டாள். முதல் சரணம் போனது. இரண்டாவது போனது. மெலாத்தியின் உதடு தன்னையறியாமல் அசைந்தது. கடைசிச் சரணத்தில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. டிரம்ஸ் மட்டும் தனியாக நடந்துவந்து, அந்த நாலு அடிக்கு முன்னால் வந்து

(இங்கே நான் வாசிக்கவில்லை. நீங்கள் தட்டுங்கள்.)